கல்தச்சனும் கலாசாலை மதிலும்

(தோமஸ் ஹாடியின் 'அறியப்படாத யூட்' என்னும் நாவல் பற்றிய விமரிசனம்)

இலக்கியம் வாழ்க்கையை ஆராய்ந்து மதிப்பிடுவது என்னும் கொள்கையை ஆங்கில நாட்டிற் பரப்பியோருள் மத்தியூ ஆர்னல்ட் தலைசிறந்தவர். அவர் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்திற் கற்றவர். பின்னர் அங்கே பத்தாண்டுகள் கவிதைப் பேராசிரியராகவும் விளங்கியவர். அந்நகரின் பழமையையும் அழகையும் போற்றி அவர் எழுதிய உரைநடைப் பகுதியொன்று ஆங்கிலங் கற்றோர் பலராலும் பாராட்டப்பெற்றது. அப்பகுதியைத் தோமஸ் ஹாடி தாம் இறுதியாக எழுதிய நாவலில் எடுத்தாண்டுள்ளார். எடுத்தாண்ட இடமே ஈண்டுக் கருதத்தக்கது. ஏழைக் கல்தச்சன் ஒருவன் தான் சிறுவயது முதற் கனவு கண்ட கிறைஸ்மின்ஸ்டர் நகரை முதன்முதலாக அடைகிறான். கிறைஸ்மின்ஸ்டர் என்பது ஒக்ஸ்போட்டுக்கு ஹாடி இட்ட புனைபெயர். இருளிலே கலாசாலைச் சுவர்களின் சிற்ப வேலைப்பாடுகளை விரல்களால் தடவிக்கொண்டு அவன் தனியே திரிகிறான். அங்கு வாழ்ந்து மறைந்த அறிஞர்களின் குரல்கள் அவன் நினைவிலே எழுகின்றன. அவற்றுள் ஒன்றாக ஆர்னல்டின் குரலும் கேட்கின்றது. மதிலுக்கு உள்ளே வாழ்ந்தவர் பாடிய புகழுரையை, மதிலுக்கு வெளியே நிற்பவன் காதிலே ஒலிக்கச் செய்ததன் மூலம், அப்புகழுரைக்கு ஹாடி புதியதொரு பொருளை ஏற்றிவிட்டார்.

'அறியப்படாத யூட்' 1894 திசெம்பர் முதல் 1895 நவம்பர் வரை 'ஹாப்பர்ஸ்' என்னும் சஞ்சிகையிற் பல மாற்றங்களுடன் தொடராக வெளிவந்து, 1895 இன் இறுதியில் நூலுருப் பெற்றது. விவாக பந்தத்தைப் பற்றி அது கூறிய கருத்துக்கள் பெருங் கண்டனத்துக்கு உள்ளாயின. வேக்பீல்ட் நகர மேற்றிராணியார் அந்நூலைத் தாம் நெருப்பிலிட்டதாகப் பத்திரிகைக்கு எழுதினார். அதன்பின் ஹாடி புதிய நாவல் எதனையும் எழுதாது கவிதைத் துறைக்கே தம்மை ஒப்புவித்தார். இந்த ஆரவாரத்தின் நடுவே, அந்நாவலின் கருவாய் அமைந்த விடயம் பலர் கண்ணுக்கும் மறைந்துபோயிற்று. ஒக்ஸ்போட்டுக்குச் செல்ல இயலாத இளைஞன் ஒருவனின் போராட்டத்தையும் தோல்வியையும் கதையாக்க வேண்டுமென 1888 ஆம் ஆண்டிலேயே ஹாடி தம் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார். ஆகவே உயர்கல்வி யாருக்குக் கிட்டும், யாருக்குக் கிட்டாது என்னும் வினாவே நாவலின் வித்து என்பது தெளிவு.

யூட் ஏன் உட்புக முடியவில்லை? இவ்வினாவுக்கு வாசகர் மூன்று விடைகள் கூறுவதுண்டு. அவனுடைய பலவீனங்களே காரணம் என்பர் ஒரு சாரார். எல்லாம் ஊழ்வினை என்பர் மற்றொரு சாரார். சமுதாய அமைப்பே காரணம் என்பர் வேறு சிலர். மூன்றாவது விடையே நாவலின் சிறந்த பகுதிகளால் நிறுவப்படுவது என்பதும், நாவலாசிரியர் தாமே பிற்பகுதியில் அதனின்றும் வழுவி இரண்டாவது விடையை நாடியமை ஒரு குறை என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

கதையை முதலிற் சுருக்கமாக நோக்குவோம். மேரிகிறீன் என்னும் சிற்றூரிலே, தாய் தந்தையரை இழந்த யூட், பாண் சுட்டு விற்கும் முதிய உறவினள் ஒருத்தியின் ஆதரவில் வளர்கிறான். நாளொன்றுக்கு ஆறு பென்ஸ் கூலிக்கு வயலிலே காக்கைகளை விரட்டுகிறான். அவையும் பசித்த உயிர்களே என இரங்கி அவற்றைத் தின்னவிட்டமையால் அடியும் பட்டு வேலையும் இழக்கிறான். அவ்வூர் ஆசிரியர் பிலட்சன் பட்டம் பெறும் நோக்குடன் கிறைஸ்மின்ஸ்டருக்குப் புறப்படுகையில், பதினொரு வயதுச் சிறுவனாகிய யூட்டின் நெஞ்சில் அந்நகர் குடிகொள்கிறது. இருபது மைல் தொலைவிலுள்ள அதன் ஒளியைக் களஞ்சியமொன்றின் கூரைமேல் ஏறிநின்று காண்கிறான். பாண் வண்டியை ஓட்டிச் செல்லும்போதே இலத்தீன் நூல்களைக் கற்கிறான். பிழைப்புக்காகக் கல்தச்சுத் தொழில் பழகுகிறான். இடையே அரபெல்லா என்பாளின் வஞ்சனையால் விவாகத்திற் சிக்கி, அவள் பிரிந்து சென்றபின், பல ஆண்டுகளாய்க் கண்ட கனவு நகரை அடைகிறான். ஆங்கே அவனுக்குக் கிடைத்த வேலை, சிதைந்து வரும் கலாசாலைக் கட்டடங்களின் கல்லைப் புதுப்பிப்பது.

உள்ளே புகவிடாது தடுக்கும் மதிலைப் புதுப்பிக்கும் கையே அம்மதிலால் தடுக்கப்படுகிறது. ஹாடி இதனை உவமையாகக் கூறவில்லை. ஒரு தொழிலாளியின் அன்றாட வேலையாகக் காட்டுகிறார். அவர் தந்தையார் கல்தச்சரும் கட்டட வேலைத் தலைவருமாக இருந்தவர். ஹாடி பதினாறாம் வயதிலே, 1856 இல், டோர்செஸ்டர் நகரக் கட்டடக் கலைஞர் ஒருவரிடம் தொழில் பழகச் சென்றவர். பல்கலைக்கழகம் எதிலும் பயிலாதவர். ஆதலின் கல்லையும் உளியையும் அறிந்த கண்கொண்டு கலாசாலையை நோக்க அவரால் இயன்றது.

இனி, யூட்டைத் தடுத்த மதிலைச் சற்று ஆராய்வோம். அம்மதில் மூன்று அடுக்குகளைக் கொண்டது. முதலாவது அடுக்குப் பணம். தன் கூலியிலிருந்து மிச்சம் பிடித்துக் கலாசாலைச் செலவுக்கான பொருளைச் சேர்ப்பதற்கு எத்துணைக் காலம் செல்லும் என யூட் ஒருநாள் கணக்கிடுகிறான். எல்லாம் நலமாய் நடந்தாலும் பதினைந்து ஆண்டுகள் செல்லும் என்னும் விடை கிடைக்கிறது. இளமை முழுவதையும் நுழைவுக் கட்டணமாகச் செலுத்தினாலன்றி நுழைய முடியாத வாசல் அது.

இரண்டாவது அடுக்குப் பயிற்சி. பணமில்லாதோருக்குப் புலமைப்பரிசில் உண்டு என்று கூறுவர். உண்மைதான், ஆனால் அப்பரிசிலைப் பெறுவதற்குப் போட்டிப் பரீட்சையில் வெல்ல வேண்டும். தேர்ந்த ஆசிரியர்களிடம் ஆண்டாண்டாகப் பரீட்சைக்கென்றே பயின்ற மாணவருடன், பாண் வண்டியிலிருந்து தனியே கற்ற ஒருவன் போட்டியிட வேண்டும். யூட்டின் அறிவு அவர்களுடையதிலும் ஆழமானதாக இருக்கலாம். ஆயினும் பரீட்சகர் எதிர்பார்க்கும் ஒழுங்கில் அது அடுக்கப்படவில்லை. ஏழைக்கென ஏற்படுத்திய உதவி, ஏழை பெறமுடியாத பயிற்சியையே தகுதியாகக் கேட்கின்றது.

மூன்றாவது அடுக்கு இவ்விரண்டிலும் நுட்பமானது. அதுவே வழியறியாமை. ஹாடியின் கலைத்திறன் மிக உயர்ந்து விளங்குவது இதனைக் காட்டும் இடங்களிலேயாம். சிறுவன் யூட் இலத்தீன், கிரேக்க இலக்கண நூல்களைப் பெற விரும்புகிறான். ஊரூராய்த் திரிந்து குளிகை விற்கும் போலி வைத்தியன் ஒருவன், தன் மருந்துக்கு விளம்பரம் செய்தால் நூல்களைத் தருவதாக வாக்களித்து ஏமாற்றுகிறான். பின்னர்ப் பிலட்சனுக்கு எழுதிய கடிதத்தை, அவருக்கு அனுப்பப்படும் பியானோப் பெட்டியினுள் மறைத்து வைத்து, ஒருவாறு நூல்களைப் பெறுகிறான். திறந்து பார்க்கும்போது அவன் நெஞ்சம் உடைகிறது. ஒரு மொழியை மற்றொரு மொழியாக மாற்றுவதற்கு ஏதோ ஒரு சூத்திரம் இருக்கும், அதனை அறிந்தால் எல்லாம் எளிதாய் விளங்கும் என்று அவன் நம்பியிருந்தான். ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே நெட்டுருப் பண்ண வேண்டும் என்பதை அப்பொழுதுதான் காண்கிறான். கற்றோர் வீட்டிற் பிறந்த குழந்தை, உணவு உண்ணும்போதே அறிந்துகொள்ளும் செய்தி இது. யூட்டுக்கு அதைச் சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை.

வளர்ந்து நகரை அடைந்த பின்னரும் இந்நிலை மாறவில்லை. எத்தனையோ ஆண்டுகள் கிரேக்கமும் இலத்தீனும் கற்றவன், கலாசாலையிற் சேர்வதற்கு என்ன செய்ய வேண்டும் என்பதை அங்கு சென்ற பிறகே சிந்திக்கத் தொடங்குகிறான். யாரை அணுகுவது என்பதும் தெரியாது. தெருவிலே கண்ட கலாசாலைத் தலைவர்களுள், முகத்தோற்றத்தால் இரக்கமும் மதிநுட்பமும் உடையவராய்த் தோன்றிய ஐவரைத் தெரிந்து அவர்களுக்குக் கடிதம் எழுதுகிறான். முகக்குறி பார்த்து வழிகாட்டியைத் தேடும் இந்நிலையை வாசிக்கும்போது நகைப்பும் இரக்கமும் ஒருங்கே தோன்றுகின்றன. செல்வர் வீட்டுப் பிள்ளைக்குத் தந்தையும் மாமனும் பாடசாலைத் தலைவரும் சொல்லிக் கொடுக்கும் வழியை, யூட் முன்பின் அறியாதார் முகத்திலே தேட வேண்டியவனாகிறான். அறிவுக்கும் உழைப்புக்கும் அவனிடத்திற் குறைவில்லை; வழியைச் சொல்ல ஒருவர் இல்லாமையே குறை.

ஐவருள் நால்வர் விடையளிக்கவில்லை. பிப்ளியோல் கலாசாலைத் தலைவர் ஒருவர் மாத்திரம் சில வரிகளில் மறுமொழி எழுதுகிறார். கடிதம் 'கல்தச்சன்' என்று அவன் தொழிலைக் குறித்தே விலாசமிடப்பட்டுள்ளது. அவன் தன் நிலையிலேயே நின்று, தன் தொழிலையே பற்றிக்கொண்டால் வாழ்க்கையில் முன்னேற வாய்ப்பு அதிகம் என்பது அதன் சாரம். இவ்விடத்தில் ஏகலைவன் கதை நம்மனோர்க்கு நினைவு வருதல் இயல்பு. வேடர் குலத்துச் சிறுவன் தன் முயற்சியால் வில்வித்தை கற்றான். கற்றபின் துரோணர் அவன் கட்டை விரலைத் தட்சிணையாகக் கேட்டார். இரண்டும் ஒரே அநீதியின் இரு வடிவங்கள். எனினும் ஒரு வேற்றுமை உண்டு. துரோணரின் செயலிற் கொடுமை வெளிப்படையானது; படிப்போர் யாவரும் அதைக் காண்பர். பிப்ளியோல் தலைவரின் கடிதத்திலே கடுஞ்சொல் ஒன்றும் இல்லை. அது பிறப்பைப் பற்றிப் பேசவில்லை. தகுதியின்மையைப் பற்றியும் பேசவில்லை. விண்ணப்பித்தவனுக்கு அறிவு எத்துணையுண்டு எனச் சோதிக்கவுமில்லை. நன்மை கருதிய புத்திமதியாகவே அது எழுதப்பட்டிருக்கின்றது. எழுதியவர் தாம் ஒரு கதவை அடைத்ததாகக் கனவிலும் கருதியிருக்கமாட்டார். அடைத்தவர் யாரென்று தெரியாத கதவைத் தட்டுவது எங்ஙனம்? யூட் அன்றிரவு கலாசாலைச் சுவரிலே வெண்கட்டியால் வேதாகமத்து யோபுவின் வாசகமொன்றை எழுதுகிறான். தனக்கும் பிறரைப் போன்ற அறிவுண்டு என்பது அவ்வாசகத்தின் கருத்து. கடிதத்துக்கு அவன் எழுதிய மறுமொழி அது. ஆனால் அது அனுப்பப்படவில்லை, சுவரிலேயே நின்றுவிட்டது.

யூட்டின் பலவீனமே அவனைக் கெடுத்தது என்பாருக்கு விடை கூற வேண்டிய இடம் இது. கடிதம் கிடைத்த பின் அவன் மதுச்சாலைக்குச் செல்கிறான் என்பது உண்மையே. அங்கே சிலர் தூண்ட, ஒரு கிண்ண மதுவுக்காகத் திருச்சபையின் விசுவாசப் பிரமாணத்தை இலத்தீனில் ஒப்புவிக்கிறான். ஆனால் அம்மதுச்சாலையிலே பல்கலைக்கழக மாணவரும் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவன் யூட்டின் இலத்தீன் மிகச் சிறந்தது என்று ஆரவாரிக்கிறான். அவனுக்கோ அதில் ஒரு சொல்லேனும் விளங்கவில்லை என்று ஹாடி உடனே குறிப்பிடுகிறார். ஒரே மேசையில் இருவர் குடிக்கின்றனர். ஒருவன் இலத்தீன் அறிந்தவன், மற்றவன் அறியாதவன். அறியாதவன் மறுநாட் காலையிற் கலாசாலைக்குச் செல்வான். அறிந்தவன் கல்லுடைக்கச் செல்வான். குடி இருவர்க்கும் பொதுவான குற்றமாயின், அதன் தண்டனை ஒருவனுக்கு மாத்திரம் எங்ஙனம் உரியதாகும்? செல்வனின் குறையைச் சமுதாயம் இளமைக் குறும்பு எனப் பொறுக்கும். ஏழையின் குறையை அவன் தோல்விக்குக் காரணமாகக் காட்டும். பல ஆண்டுகளின் பின் கலாசாலை விழாவொன்றின்போது தெருவிற் கூடிய மக்களிடம் யூட் இதனைத் தானே எடுத்துக் கூறுகிறான். வென்றிருந்தால் அறிஞன் என்றும், தோற்றமையால் அறிவிலி என்றும் உலகம் மதிப்பிடுகின்றது. இரண்டு மூன்று தலைமுறைகள் சேர்ந்து செய்ய வேண்டிய காரியத்தைத் தான் ஒரே தலைமுறையிற் செய்ய முயன்றதாகவும் அவன் கூறுகிறான். நாவல் முழுவதிலும் இதனினும் ஆழமான கூற்று ஒன்றில்லை எனலாம்.

நாவலின் தலைவியாகிய சூ என்பாளைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். நுண்ணறிவிலும் பரந்த வாசிப்பிலும் அவள் யூட்டை விஞ்சியவள். கலாசாலைகள் நிறுவப்பட்ட காலத்தில், கல்வியிற் பெருவேட்கையும் கையிற் பணமின்மையும் கொண்ட யூட் போன்றவர்களுக்காகவே அவை நிறுவப்பட்டன என்றும், பின்னர்ச் செல்வர் புதல்வர்கள் அவர்களை நெருக்கித் தள்ளிவிட்டனர் என்றும் சுட்டிக் காட்டுபவள் அவளே. ஏழை மாணாக்கர்க்கு உதவும் நோக்குடன் இடைக்காலத்தில் ஒக்ஸ்போட்டிற் கலாசாலைகள் தோன்றியமை வரலாறு. ஆயினும் இத்துணைத் தெளிவுடைய சூ தானே கிறைஸ்மின்ஸ்டரிற் கற்கலாம் என்னும் எண்ணம் கதையில் எவர்க்கும் தோன்றவில்லை. அவளுக்கு எட்டியது ஆசிரியப் பயிற்சிக் கலாசாலை ஒன்றே. அதனையும் முடிக்காமலே வெளியேறுகிறாள். 1879 முதலே ஒக்ஸ்போட்டிற் பெண்களுக்கான கலாசாலைகள் இருந்தன. ஆனாற் பெண்களுக்குப் பட்டம் வழங்க அப்பல்கலைக்கழகம் 1920 வரை இசையவில்லை. யூட் கதவைத் தட்டி ஏமாந்தவன். சூவுக்கோ தட்டுவதற்கும் கதவு ஒன்று இருப்பதாகத் தோன்றவில்லை. ஹாடி இதனை வற்புறுத்திக் கூறாது விட்டமை, பெண்ணின் காதற் போராட்டத்திலேயே அவர் கவனம் நிலைத்தமையாலாகலாம்.

இதுகாறும் கூறியவற்றால் நாவலின் சிறப்பு விளங்கும். இனி அதன் குறையை நோக்குவோம். நாவலின் பிற்பகுதியில் துன்பம் துன்பத்தின்மேல் அடுக்கப்படுகின்றது. கிறைஸ்மின்ஸ்டரிற் குடும்பத்துக்கு உறைவிடம் மறுக்கப்படுகிறது; யூட்டின் மூத்த மகன் தம்பி தங்கையரைக் கொன்று தானும் தூக்கிட்டு இறக்கிறான்; சூ மனமுடைந்து மூடபக்தியில் ஆழ்கிறாள்; யூட் முப்பது வயது நிரம்புமுன் தனியே கிடந்து மடிகிறான். இவையெல்லாம் குலத்தின் சாபம் போலவும், பிரபஞ்சத்தின் கொடுங்கோன்மை போலவும் சித்திரிக்கப்படுகின்றன. ஊழ் கலாசாலை மதிலைக் கட்டவில்லை. அதனைக் கட்டியவர் மனிதர். அதன் விதிகளை வகுத்தவரும் மனிதர். பதினைந்து ஆண்டுக் கூலிக் கணக்கும், பிப்ளியோல் தலைவரின் கடிதமும் மாற்றக்கூடிய காரணங்கள். சாபத்தை மாற்றுதல் அரிது. மாற்றக்கூடியதை மாற்ற முடியாததனோடு கலந்தமையால், முற்பகுதியில் வாசகர் உள்ளத்தில் மூண்ட தார்மிகக் கோபம் பிற்பகுதியில் வெறும் இரக்கமாகத் தணிந்துவிடுகின்றது. இரக்கங் கொண்டவன் கண்ணீர் வடித்துவிட்டு நூலை மூடிவிடுவான். கோபங் கொண்டவனே விதிகளைத் திருத்த முற்படுவான்.

ஆயினும் ஹாடி கிறைஸ்மின்ஸ்டரை வெறும் கோயிலாக்கி வழிபடவில்லை என்பதையும் நேர்மையுடன் கூறவேண்டும். வேலை தேடிக் கல்வேலைக் களத்துக்குச் சென்ற யூட்டுக்கு, இக்களமும் கலாசாலையைப் போலவே மேன்மை வாய்ந்தது என்னும் தெளிவு ஒரு கணம் தோன்றி மறைகின்றது. தொழிலாளர் இல்லையேற் கடுமையாகப் படிப்போர் படிக்கவும் முடியாது, உயர்வாகச் சிந்திப்போர் வாழவும் முடியாது என்பதையும் அவன் பின்னர் உணர்கிறான். எனினும் அத்தெளிவு அவனிடம் நிலைக்கவில்லை. நோயுற்று வறுமையிற் கிடக்கையிலும் கலாசாலைக் கோபுரங்களின் வடிவிலே கேக் செய்து விற்கும் நிலைக்கு வருகிறான். உழைப்பை இழிவென்றும் ஏட்டறிவை உயர்வென்றும் கருதும் மனப்பான்மையும் மதிலின் ஒரு பகுதியே. அது மதிலுக்கு வெளியே நிற்பவன் நெஞ்சினுள்ளேயே கட்டப்பட்ட பகுதி.

இந்நாவலுக்குப் பின் நிகழ்ந்தவை கவனத்திற்குரியன. ஏழை மாணாக்கருக்கு வசதியளிக்கும் திட்டங்கள் உருவாகின்றன என்று தான் கேள்விப்பட்டதாகவும், தனக்கோ அது காலங்கடந்த செய்தி என்றும் யூட் மரணத் தறுவாயிற் கூறுகிறான். நாவல் வெளிவந்து நான்கு ஆண்டுகளுள், 1899 இல், தொழிலாளருக்கென ரஸ்கின் கலாசாலை ஒக்ஸ்போட் நகரிலே தொடங்கப்பட்டது. அதற்கு யூட்டின் பெயரையே இட்டிருக்க வேண்டுமெனச் சிலர் கருதியதாக 1912 இல் எழுதிய பின்னுரையில் ஹாடி குறிப்பிடுகிறார். 1920 ஆம் ஆண்டு ஒக்ஸ்போட்டின் வரலாற்றில் வியக்கத்தக்கது. அவ்வாண்டிலேயே பிரவேசத்துக்குக் கிரேக்கம் கட்டாயம் என்னும் விதி நீங்கியது. பெண்களுக்குப் பட்டம் வழங்கப்பட்டது. ஹாடிக்கும் கௌரவக் கலாநிதிப் பட்டம் அளிக்கப்பட்டது. உள்ளே புக முடியாதவனின் கதையை எழுதியவரை, எண்பது வயதை எட்டும் வேளையில், அதே பல்கலைக்கழகம் அழைத்துப் போற்றியது.

ஆனால் விதி நீங்கியதும் மதில் நீங்கிற்றா? பிரித்தானியாவின் உயர்கல்வி பற்றி 1963 இல் வெளியான ரொபின்ஸ் குழுவின் அறிக்கை இதற்கு விடை தருகின்றது. 1940, 1941 ஆம் ஆண்டுகளிற் பிறந்தோருள், உயர்தொழில் வகுப்பினரின் பிள்ளைகளில் 100 க்கு 33 பேர் பட்டப்படிப்புக்குச் சென்றனர். தொழிற்றேர்ச்சி குறைந்த தொழிலாளரின் பிள்ளைகளில் 100 க்கு ஒருவரே சென்றார். இடைநிலைக் கல்வி 1944 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இலவசமாகிய பின்னர் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். பணம் என்னும் முதலடுக்கைத் தாழ்த்தினால் ஏனைய இரண்டும் தாமே சரிந்துவிடா என்பதற்கு இக்கணக்கே சான்று. பின்னர் 1998 இல் இங்கிலாந்திற் பல்கலைக்கழகக் கட்டணமும் மீண்டும் புகுத்தப்பட்டது. தாழ்த்திய அடுக்கை மீண்டும் உயர்த்துதல் எளிது என்பதையும் இது காட்டும்.

இந்நாவல் நம் நாட்டவர்க்குத் தொலைவானது அன்று. 1942 இல் நிறுவப்பட்ட இலங்கைப் பல்கலைக்கழகம், கேம்பிரிட்ஜிற் கற்ற ஐவர் ஜெனிங்ஸ் அவர்களை முதல் உபவேந்தராகக் கொண்டு, ஆங்கில நாட்டு உறைவிடக் கலாசாலைகளின் இலட்சியத்தைத் தழுவியே பேராதனையில் உருவாயிற்று. அதே காலத்திற் கன்னங்கராவின் முயற்சியால் 1945 இல் இலவசக் கல்வி வந்தது. முதலடுக்கை இத்துணைத் துணிவுடன் தாழ்த்திய நாடுகள் சிலவே. எனினும் ஏனைய அடுக்குகள் இருந்தன, இருக்கின்றன. கலைப்பாடங்களைத் தாய்மொழியிற் கற்ற மாணவர் பல்கலைக்கழகம் புகுவதற்கு 1960 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மலைநாட்டுத் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களிலேதான். யாழ்ப்பாணத்திலே 1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில், எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக அமர்ந்து கற்க வேண்டும் என்னும் விதி வந்தபோது, அதனைப் பொறாதார் பாடசாலைகளுக்குத் தீயிட்டனர். 1970களில் மொழிவாரித் தரப்படுத்தல் வந்து தமிழ் மாணவர்க்கு வாசல் ஒடுங்கியபோது, கதவடைப்பின் வலி எத்தகையது என்பதை நம்மவர் அனைவரும் நேரே உணர்ந்தோம். அவ்வலியை உணர்ந்தோர், தாம் பிறர்க்கு அடைத்த கதவையும் அதே கண்கொண்டு நோக்குதல் அறமாகும். பிறர் கட்டிய மதிலை மாத்திரம் மதில் என்பதும், நாம் கட்டியதை மரபு என்பதும் நேர்மையாகாது.

மாவட்ட ஒதுக்கீட்டினால் மன்னாரிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் நுவரெலியாவிலிருந்தும் மாணவர் சிலர் இன்று பல்கலைக்கழகம் புகுகின்றனர். அவ்வொதுக்கீட்டின் குறை நிறைகளை ஆராய்தல் வேறொரு கட்டுரைக்கு உரியது. ஆனால் இடம் ஒதுக்குவதனால் மாத்திரம் வழியறியாமை நீங்காது. விஞ்ஞான ஆசிரியர் இல்லாத பாடசாலையிலிருந்தும், பட்டதாரி ஒருவரையும் காணாத குடும்பத்திலிருந்தும் வரும் மாணவனுக்கு, எந்தப் பாடத்தைத் தெரிவது, விண்ணப்பத்தில் எந்தக் கற்கைநெறியை முதலிற் குறிப்பது என்பன எல்லாம் யூட் தேடிய சூத்திரம் போன்றவையே. பட்டணத்து மாணவனுக்கு இவற்றைச் சொல்லத் தனியார் வகுப்புக்களும் உறவினரும் உண்டு.

பொருள் கொடுத்தேனும் கற்க வேண்டும் என்று தொடங்கி, கீழ்க்குலத்தான் கற்றால் மேற்குலத்தானும் அவனுக்குப் பணிவான் என்று முடிக்கும் புறநானூற்றுப் பாண்டியன் பாட்டு நம்மிடையே பெரிதும் போற்றப்படுகின்றது. அப்பாட்டின் முடிவைப் போற்றும் நாம், அதன் தொடக்கத்தை மறந்துவிடுகிறோம். கொடுக்கப் பொருளில்லாதவன் கற்பது எங்ஙனம் என்னும் வினாவை அது எழுப்பவில்லை. அவ்வினாவை ஒரு கல்தச்சனின் வாழ்வாக்கி நம் முன் நிறுத்தியமையே ஹாடியின் நாவலுக்குள்ள நிலையான மதிப்பு. இதனை வாசிக்கும் ஆசிரியர்களும், இக்கலாசாலையிற் கற்று உயர்நிலை அடைந்த பழைய மாணவர்களும் தம்மைப் பிப்ளியோல் தலைவரின் இடத்தில் வைத்துப் பார்த்தல் நன்று. முன்பின் அறியாத மாணவன் ஒருவனின் கடிதம் அவர்கள் மேசைக்கும் ஒருநாள் வரலாம். அவன் முகவரியில் ஊர்ப்பெயரையும் தந்தையின் தொழிலையும் மாத்திரம் பார்த்துப் புத்திமதி எழுதாது, அவன் என்ன கற்றிருக்கிறான், இன்னும் எதைக் கற்க வேண்டும், யாரை நாட வேண்டும் என்று ஒரு பக்கம் எழுதினாற்கூட, மூன்றாவது அடுக்கிற் சில கற்களேனும் பெயர்ந்து விழும். யூட் எதிர்பார்த்ததும் அத்தகைய ஒரு கடிதத்தையே.